போஜன் அண்ணன் என் முதுகை முகர்ந்த நாள்

எனக்கு முதுகு வலி என்று சொல்ல இப்போது வெட்கமில்லை. அது எந்த இடத்தில் என்று சொல்லத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது. இடுப்பு வலி என்றால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். கழுத்து வலிக்கு ஒரு பட்டையாவது உண்டு. அதை மாட்டிக்கொண்டு நடந்தால் தாசில்தார்கூட வழி விடுவார். எனக்கு வந்ததோ இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில், வலப்பக்கமாக ஒரு விரல் தள்ளி. அந்த இடத்தில் வலிக்கிறது என்று நீலகிரி மாவட்டத்தில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்.

“வாயுவா இருக்கும்.”

டீக்கடைக்காரர் சொன்னார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார். முடி வெட்டுகிறவர் என் முதுகில் நாலு தட்டு தட்டிவிட்டு, “கேக்குதா சத்தம்? வாயு” என்றார். சுட்ட பூண்டு சாப்பிட்டேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். பூண்டு தின்று தின்று வலி போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் எழுந்து போனார்கள்.

வாயு என்று சொல்லாத ஒரே ஆள் அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா. கட்டை விரலால் சரியாக அந்த இடத்தில் ஒரு அழுத்து அழுத்தினார். நான் கூரையைப் பார்த்து என் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்.

“தசைப் பிடிப்பு. ரொம்ப நாளா சேர்ந்தது. வெயிட் தூக்காதீங்க. தினமும் இந்த மூணு உடற்பயிற்சி செய்யுங்க. ஒரே நிலையில ரொம்ப நேரம் இருக்காதீங்க. என்ன வேலை பண்றீங்க?”

“மூட்டை தூக்குறேனுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். எழுதிய சீட்டைப் பார்த்தார்.

“சரி, மத்த ரெண்டையும் செய்யுங்க” என்றார்.

ஒரே நிலையில் இருக்காதே என்று எனக்குச் சீட்டு எழுதித் தர வேண்டிய அவசியமே இல்லை. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கியவன், அதற்குப் பிறகு எதிலும் முழுதாக ஏறி உட்கார்ந்ததில்லை. பைக்காராவில் படகு தள்ளினேன். தேவர்சோலையில் வாழைத்தார் சுமந்தேன். ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மருந்து அடித்தேன். ஊட்டியில் கேரட் கழுவும் இடத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க நனைந்தேன். நீலகிரித் தைலம் காய்ச்சும் அடுப்பில் தைல மரத்தழை திணித்தேன். எங்கும் ஆறு மாதம் தாண்டியதில்லை. சண்டை போட்டு வந்ததும் இல்லை. ஒரு நாள் காலையில் கால் வேறு பக்கம் திரும்பும், அவ்வளவுதான். முதுகு வலி வந்த பிறகு உடம்பும் என்னைப் போலவே ஆகிவிட்டது. உட்கார்ந்தால் நிற்கச் சொல்லும். நின்றால் நடக்கச் சொல்லும். படுத்தால் புரளச் சொல்லும். (வீட்டில் சாமி வந்துவிட்டது என்றே ஒருநாள் நினைத்தார்கள்.)

வீடு என்று சொன்னது என் மச்சான் வீட்டை. குன்னூரில் இரண்டு அறை, ஏழு பேர். நான், என் மனைவி சாந்தி, ஒரு வயதுப் பெண் குழந்தை மூவருக்கும் சமையலறை. எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, தரை காய்ந்த பிறகுதான் பாய் விரிக்க முடியும். குழந்தை அழுதால் மச்சான் மனைவி ஒரு வார்த்தை பேச மாட்டார். பாத்திரம் பேசும்.

சாந்தி அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

“ஏனுங்க, ஒரு வருசம். ஒரே வேல. அதுக்கு மேல உங்ககிட்ட நான் எதுவும் கேக்கல. எனக்கு ஒரு கதவு வேணும். அதுக்கு ஒரு சாவி வேணும். அந்தச் சாவி என் கையில இருக்கோணும்.”

அப்படித்தான் கோத்தகிரி போகும் சாலையில் இருந்த ஒரு டீ ஃபேக்டரியில் சேர்ந்தேன். ஒரு வருடம் ஒழுங்காக வேலை செய்தால் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரு லைன் வீடு தருவார்கள். சேர்ந்த அன்றே மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “முதுகு வலி, மூட்டு வலின்னு லீவு கேக்கறவனுக்கு இங்க வேல இல்ல. வேல இல்லாதவனுக்கு வீடு இல்ல.”

ஆகவே எனக்கு முதுகு வலி இல்லை. பதினொன்றரை மாதம் எனக்கு முதுகே இல்லை என்பது போல நடந்துகொண்டேன்.

என் வேலை மேல்மாடியில். லாரியில் வரும் பச்சைக் கொழுந்து மூட்டைகளை ஏற்றி, நீளமான தொட்டிகளில் பரப்ப வேண்டும். தொட்டி என்றால் இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டில் போல இருக்கும். அடியில் கம்பி வலை, அதன் மேல் ஒரு அடி ஆழத்துக்குக் கொழுந்து. ஒரு முனையில் பெரிய காற்றாடி. மழைக்காலத்தில் காற்றைச் சூடாக்கி அடியிலிருந்து விடுவார்கள். இலை அதில் கிடந்து மெல்ல வாடி, மறுநாள் விடியற்காலை அரைக்கப் போகும். இந்த மாடிக்கு ஒரு சட்டம் உண்டு: வாசனை கூடாது. பூ, பவுடர், பீடி, தைலம் எதுவும் கூடாது. வாடுகிற கொழுந்து பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் உறிஞ்சிவிடும். இதை எனக்கு முதல் நாளே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஏனென்றால் அது மல்லிகைப் பூ வைக்கிற பெண்களுக்கான சட்டம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாவது மாதம் ஒரு வாரம் விடாத மழை. வலி தோளிலிருந்து கை வரை இறங்கியது. அந்த வாரத்தில்தான் மேனேஜர் கூப்பிட்டு, “லைன்ல ஒரு வீடு காலியாயிருக்கு. நாளான்னிக்குப் பத்து மணிக்குச் சம்சாரத்தக் கூட்டிட்டு வா. ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டு சாவி வாங்கிக்க” என்றார். நடுவில் ஒரே ஒரு நாள். ஒரு நாள் மட்டும் இந்த முதுகு வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

தைலம் காய்ச்சிய காலத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு ஆள் வழியில் கிடைத்தான். துணி அடைத்த பாட்டில் ஒன்றைக் கொடுத்தான். “மொத வடிப்பு. கடைல கிடைக்காது. ரெண்டு சொட்டு, தேங்கா எண்ணெயில கலந்து தேய்” என்றான். இரண்டு சொட்டு என்பது இரண்டு சொட்டு வலிக்காரனுக்கு. என் வலிக்கு ஒரு உள்ளங்கை நிறைய என்று நானே கணக்குப் போட்டேன். காலையில் சாந்தி தேய்த்தாள். மச்சான் வீட்டில் அன்றைக்கு எல்லோருக்கும் சளி சரியானது.

“ஏனுங்க, இந்த வாசத்தோட ஃபேக்டரிக்குப் போலாமுங்களா?”

“உள்ள பனியன், மேல சட்டை, அதுக்கு மேல ஸ்வெட்டர். வாசம் எந்த வழியா வெளிய வரும்?” என்றேன். (எட்டாவது பாதியோடு நின்றுபோன விஞ்ஞானம் அது.) மேலும் கொஞ்ச நேரத்தில் எனக்கே வாசனை தெரியவில்லை. எனக்குத் தெரியாதது உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நம்புவது என் பழைய பழக்கம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். என்னால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சுவரில் முதுகைத் தேய்த்தேன். தூணில் தேய்த்தேன். போகிற போக்கில் ஒரு தொட்டியில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கையை உள்ளே விட்டேன். முழங்கை வரை ஒரு சுகம் ஏறியது.

ஐந்து நிமிடம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஸ்வெட்டரைக் கழற்றினேன். சூடு நேராகப் பட வேண்டும் என்று சட்டையையும் பனியனையும் கழுத்து வரை சுருட்டினேன். ஏறிப் படுத்தேன்.

அதை எப்படிச் சொல்வது? அடியில் ஒரு அடி மெத்தை, மெத்தைக்கு அடியிலிருந்து வரும் வெதுவெதுப்பான மூச்சு சரியாக அந்த இடத்தில் படுகிறது. கூரைத் தகரத்தில் மழை. முதுகில் இருந்த முடிச்சு ஒவ்வொரு இழையாக அவிழ்ந்தது. நான் பிறந்ததிலிருந்து எங்கும் அசையாமல் படுத்ததில்லை. அன்றைக்கு அந்தக் கொழுந்தின் மேல் அசையாமல் படுத்தேன். தூங்கியும் போனேன்.

படிக்கட்டில் பேச்சுக்குரல் கேட்டுத்தான் விழித்தேன். குதித்து இறங்கித் திரும்பிப் பார்த்தால், கொழுந்தில் இரண்டு கையையும் விரித்தபடி ஒரு ஆள் அச்சு. மூக்கு ஒன்றுதான் பதியவில்லை. அவசரமாகக் கிளறி மூடிவிட்டு ஸ்வெட்டரை மாட்டுவதற்குள் செல்லம்மா அக்கா மேலே வந்துவிட்டார். சிலோனிலிருந்து சின்ன வயதில் வந்தவர். இந்த மாடியில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். நின்று மூக்கை உறிஞ்சினார்.

“என்ன தம்பி, தைல வாசம் கும்முன்னு அடிக்குது?”

“வெளிய மரமுங்கக்கா. மழைக் காத்து.”

“இந்த மழையிலயா?” என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் வலி பாதியாகக் குறைந்திருந்தது. மீதியையும் தீர்த்துவிடலாம் என்று சாந்தியிடம் இன்னொரு கை தேய்க்கச் சொன்னேன். புத்தி அப்படி.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு டீமேக்கர் போஜன் அண்ணன் புதுத் தூளை ருசி பார்க்கக் கோப்பைகளை வரிசையாக வைத்தார். படுகர், கேர்பெட்டாப் பக்கம். ஒல்லியான மனிதர், பாதி உடம்பு மூக்கு. ஒவ்வொரு தொட்டி இலையும் தனித்தனிக் கோப்பையாகும். சர்ரென்று உறிஞ்சுவார், வாய்க்குள் சுழற்றுவார், வாளியில் துப்புவார். முதல் கோப்பை. இரண்டாவது கோப்பை. மூன்றாவதை உறிஞ்சினார். துப்பவில்லை, விழுங்கவும் இல்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் துப்பிவிட்டு நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்.

“சார், மூக்கடைப்பு போயிருச்சு” என்றார்.

மேனேஜர் ஒரு வாய் குடித்தார். “யோவ், இது டீயா, ஆவி புடிக்கிற தண்ணியா?”

சந்தேகம் நேராக அடுப்புக்கார மணி அண்ணன் மேல் விழுந்தது. இலையைக் காயவைக்கும் அடுப்பில் எரிப்பது தைல மரத்து விறகுதான். எங்காவது ஓட்டை விழுந்து புகை கலந்தால் தூளில் வாசம் ஏறும். மணி அண்ணன் விறகின் மேல் சத்தியம் செய்தார், பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். மேனேஜர் கேட்கவில்லை. “நீ இன்னியோட கிளம்பு” என்றார்.

நான் வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன், சாவிக்கு இன்னும் பதினைந்து நிமிடம். இந்தக் கதையில் நான் சிரிக்காமல் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

மணி அண்ணனைக் காப்பாற்றியது போஜன் அண்ணனின் நாக்கு. அதே கோப்பையை மறுபடி உறிஞ்சினார்.

“சார், இது புகை இல்ல. காய்ச்சின எண்ணெய். ஆள் மேல இருந்து வந்திருக்கு.” இன்னொரு முறை உறிஞ்சினார். “கொஞ்சம் தேங்கா எண்ணெயும் இருக்கு.”

“எல்லாரையும் வரிசையா நிக்கச் சொல்லு” என்றார் மேனேஜர். “போஜா, மோந்து பாரு.”

எங்கள் ஃபேக்டரி வரலாற்றில் அப்படி ஒரு அணிவகுப்பு நடந்ததில்லை. பதினாலு பேர் முதுகைக் காட்டி நிற்க, போஜன் அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோப்பைகளைப் பார்க்கிற அதே முகத்தோடு ஒவ்வொரு முதுகாக வந்தார். முதலில் செல்லம்மா அக்கா.

“கற்பூரம். நல்லெண்ணெய். ரெண்டு நாள் பழசு.”

“மூணு நாளுங்க ஐயா” என்றார் அக்கா, திரும்பாமலே.

அடுத்தது மணி அண்ணன். “புதினா உப்பு. இடது தோள்ல மட்டும்.” லாரி டிரைவர்: “பிளாஸ்டர். ரெண்டு.” சலிக்கிற பெண்கள் மூவர்: “கடுகெண்ணெய். கடுகெண்ணெய். இந்தப் பொண்ணுக்குப் பேர் தெரியாத பச்சிலை.” வாட்ச்மேனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. “எனக்கு முழங்காலுங்க” என்றார் அவர்.

மேனேஜர் முகம் மாறிக்கொண்டே வந்தது. “என்னய்யா இது? இங்க ஒருத்தருக்குக்கூட முதுகு நல்லா இல்லியா? எவனும் எங்கிட்ட சொன்னதே இல்ல!”

“சொன்னா வேல இல்லன்னு நீங்கதானே தொரை சொன்னீங்க” என்றார் செல்லம்மா அக்கா.

அந்த நேரம் பார்த்து போஜன் அண்ணன் மேனேஜரைத் தாண்டிப் போனார். மூக்கு தன்பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பியது. “சார், உங்க கழுத்துக்குக் கீழ…”

“நான் வரிசையில இல்லய்யா!” என்று மேனேஜர் கத்திவிட்டுக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

நான் வரிசையின் கடைசிக்கு நகர்ந்திருந்தேன். நிற்க முடியவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினேன், தோளைச் சுழற்றினேன், ஒரு அடி பின்னால் வைத்தேன். “எதுக்குய்யா இந்த நெளி நெளியற?” என்றார் மேனேஜர். அதற்குள் போஜன் அண்ணன் வந்துவிட்டார். குனிந்தார். கண்ணை மூடினார். மற்றவர்களிடம் ஒரு உறிஞ்சு, என்னிடம் மூன்று.

“மொத வடிப்பு” என்றார் மெதுவாக. “கலப்படமே இல்ல. செம்புப் பானைல காய்ச்சினது. தம்பி, இது எங்க கிடைச்சது?”

பதிமூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கோப்பைகள் ஆடின. நானும் சிரிக்கப் பார்த்தேன். மேனேஜர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தைலம், தொட்டி, சட்டையைச் சுருட்டியது, எல்லாம்.

“படுத்தியா? கொழுந்து மேலயா? ஊர் உலகம் குடிக்கப் போற டீ மேலயா?”

“அஞ்சு நிமிசந்தாங்க சார்…”

“நாங்க சாப்பிடப் போனதே முக்கால் மணி நேரம் தம்பி” என்றார் செல்லம்மா அக்கா. பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

“வேலயும் இல்ல, வீடும் இல்ல. கிளம்பு.”

திரும்பினேன். வாசலில் சாந்தி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணப் புடவை. இடுப்பில் குழந்தை, கன்னத்தில் மை. பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பத்து மணிக்கு வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கக்கூட இல்லை. குழந்தையை என் கையில் திணித்துவிட்டு (வெயிட் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது) நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

“சார், அவரை அனுப்பிருங்க. தப்பு பண்ணினாரு. அந்த வேலைய எனக்குக் குடுங்க. மூட்டை தூக்க வேற ஆள் போட்டுக்குங்க, பரப்பற வேல, சலிக்கிற வேல எது குடுத்தாலும் செய்யறனுங்க. பதினொன்னரை மாசம் இந்த ஊட்டுக்காகத்தான் காத்திருந்தோம்.”

மேனேஜர் வெளியே மழையைப் பார்த்தார். மழையில் வேறு ஆள் கிடைப்பதில்லை, அதையும் யோசித்திருப்பார். “உனக்கு முதுகு வலி உண்டா?”

“இல்லீங்க.”

“தைலம் கிய்லம்?”

“இல்லீங்க” என்றாள். சொல்லும்போது இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். எனக்கு உயிர் போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் ஒரு கை நிறைய மொத வடிப்பை என் முதுகில் தேய்த்தது அந்தக் கைதான். சோப்புக்குப் போகிற சரக்கா அது?

“போஜா, பாரு.”

போஜன் அண்ணன் அவள் முன்னால் வந்து நின்றார். முதுகை முகரவில்லை. “கையக் காட்டுமா” என்றார். சாந்தி காட்டினாள். குனிந்தார். பத்தடி தள்ளி நிற்கும் எனக்கே அந்த வாசம் வந்தது. அவர் நிதானமாக ஒரு முறை முகர்ந்தார். நிமிர்ந்தார்.

“ஒரு வாசமும் இல்ல சார். சுத்தமான கை” என்றார்.

ரிஜிஸ்டரில் சாந்தி கையெழுத்துப் போட்டாள். சாவியை வாங்கினாள். வெளியே வந்து அரை மைல் நடந்த பிறகுதான் என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்: “புள்ளைய இந்தப் பக்கத் தோளுக்கு மாத்துங்க. அந்தப் பக்கம் வலிக்கும்.”

ஏழு வருடம் ஆகிவிட்டது. நான் இன்னும் அங்கே இங்கே என்றுதான் அலைகிறேன். இப்போதைக்கு ஒரு காய்கறி வண்டி ஓட்டுகிறேன். அந்த மூன்று உடற்பயிற்சியையும் லைன் வீட்டு வாசலில் நின்று தினமும் செய்கிறேன். முதல் மாதம் லைனே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வரும், இருக்கும், போகும். அதற்கும் என் குணம்தான். ஃபேக்டரி ரிஜிஸ்டரில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் சாந்தியின் பெயர். கீழே, ‘சார்ந்திருப்போர்: கணவர், மகள்.’ தைலம் தேய்த்த நாளில் எனக்கு வராண்டாதான் படுக்கை. அது ஃபேக்டரிக்காரி வீடு. என் மகள் வாசலிலேயே நிறுத்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் முதுகை மூன்று உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, “ரெண்டாம் தரத் தைலம்மா, உள்ள விடலாமா?” என்று சத்தமாகக் கேட்பாள்.

போஜன் அண்ணன் ரிட்டயர் ஆகும் நாளில் சாந்தி அவரிடம் கேட்டே விட்டாள், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. “எனக்கு அன்னிக்குச் சளிம்மா” என்றாராம். உன் வீட்டுக்காரன் போட்ட டீயைக் குடித்ததும்தான் சளி போய்விட்டதே என்று செல்லம்மா அக்கா பக்கத்திலிருந்து சொல்ல, அவர் வெற்றிலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாராம்.

இப்போது அந்த மாடிக்கு சாந்திதான் சூப்பர்வைசர். சீசனில் சுற்றுலாக்காரர்களை ஃபேக்டரி சுற்றிக் காட்டக் கூட்டி வருவார்கள். தொட்டிகளுக்கு மேலே, மேனேஜர் அந்த வாரமே எழுதி மாட்டிய ஒரு பலகை இருக்கிறது: ‘கொழுந்தின் மேல் படுக்கக் கூடாது.’ எல்லோரும் அதற்குக் கீழே நின்று படம் எடுப்பார்கள். யாராவது ஒருவர் தவறாமல் சிரித்துக்கொண்டே கேட்பார்: “ஏங்க, இதுல போயி எவனாச்சும் படுப்பானா?”

“படுத்தாருங்க” என்பாள் சாந்தி. “எங்க ஊட்டுக்காரருதானுங்க.”